ஹாட் டப்பின் உடைந்த சக்‌ஷன் மூடிக்குக் கம்பி வலை போதுமா?

ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊருக்கு அருகே கடற்கரையை ஒட்டிச் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறீர்கள். அதன் முதல் மாடித் திறந்த தளத்தில், சிமெண்டில் கட்டி டைல்ஸ் ஒட்டிய ஹாட் டப் (ஜெட் பீய்ச்சும் வெந்நீர்த் தொட்டி) ஒன்று இருக்கிறது. தொட்டியின் தரையில், பம்ப் நீரை உள்ளே இழுக்கும் ஒரே சக்‌ஷன் வாயின் பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டு ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. சென்ற வாரம் ஒரு பெண் விருந்தினரின் பின்னல் நுனி அதில் சிக்கி, உடன் வந்தவர் கத்தி, உங்கள் பணியாளர் கீழே ஓடிப் பம்பை நிறுத்திய பிறகுதான் விடுபட்டிருக்கிறது. பிளம்பர், துருப்பிடிக்காத கம்பி வலையை வெட்டி மேலே வைத்துத் திருகிவிடலாம் என்கிறார். அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வலையைப் பற்றியதாக இருந்தாலும், புதிய மூடி வந்து சேரும்வரை முன்பதிவுகளை ரத்து செய்யாமல் தொட்டியை ஓட்டலாமா என்பதே உங்கள் மனத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓட்டக் கூடாது. வலை போதாது; ஒரு வகையில் அது இருக்கும் ஆபத்தைக் கூட்டும். காரணங்களைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். காரணம் விளங்காமல் கேட்ட தடை, அடுத்த பள்ளி விடுமுறைக் கூட்டத்தின்போது நிற்காது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, முதலில் இந்தக் கரையில் உள்ள இறால் பண்ணைகளில் பம்புகளைப் பார்த்துக்கொண்டவன். பிறகு பல ஆண்டுகளாகக் கீழக்கரை முதல் ராமேஸ்வரம் வரை விடுதிகளின் நீச்சல் குளங்களையும் ஜக்குஸிகளையும் பராமரித்து வருகிறேன். உங்கள் தொட்டியை நேரில் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களிலிருந்து மூடியின் நிலை தெரிகிறது. சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் குழாய் எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் இயற்பியல் சார்ந்தவை உறுதியானவை. உங்கள் தொட்டிக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பது திறந்து பார்த்த பிறகே முடிவாகும்.

உங்கள் பிளம்பரின் யோசனை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். கண்மாயில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்கும்போது ஃபுட் வால்வைச் சுற்றிக் கூடையோ வலையோ கட்டுகிறோம். இறால் பண்ணைக்குக் கடல் நீர் எடுக்கும் குழாய் வாயிலும் அப்படித்தான் செய்கிறோம். அந்த வலை பம்பைக் காப்பதற்காகக் கட்டப்படுவது. பாசியும் குப்பையும் உள்ளே போகாமல் இருந்தால் அதன் வேலை முடிந்தது. ஹாட் டப்பில் அந்த வாய்க்கு இந்தப் பக்கம் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூடி அவர்களைக் காக்க வேண்டியது. இரண்டு வேலைகளும் வேறு என்பதால், ஒன்றில் பலன் தரும் பொருள் மற்றொன்றிலும் பலன் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பம்ப் ஓடும்போது சக்‌ஷன் வாயைச் சுற்றி நீர் தடையின்றி வந்துகொண்டிருக்கும்வரை அந்த இடத்தில் இழுப்பு அவ்வளவாகத் தெரியாது. கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது லேசாகத்தானே இழுக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த வாயை ஓர் உடல் முழுவதுமாக அடைத்துக்கொண்டால் நிலைமை ஒரு கணத்தில் மாறிவிடும். உள்ளே வரும் நீர் நின்றுபோகிறது. பம்ப் தொடர்ந்து இழுக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் சரிகிறது. வெளியே வளிமண்டல அழுத்தம் அப்படியே இருக்கிறது. இந்த வேறுபாடே உடலை வாயோடு சேர்த்து அழுத்துகிறது. வளிமண்டலத்தின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. நல்ல நிலையில் உள்ள பம்ப் அதில் 0.7 கிலோ அளவுக்கு வெற்றிடத்தை உண்டாக்க முடியும் என்று கொள்வோம். மூடிக்குக் கீழே குழாய் வந்து இணையும், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்‌ஷன் பெட்டியின் வாய்ப் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 220 கிலோ வருகிறது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று மூடியில்லாத அந்தப் பெட்டியின் மேல் முதுகு பொருந்தப் படுத்துவிட்டால், இரண்டு மூட்டைச் சிமெண்டைத் தூக்கக்கூடிய ஆளாலும் அதை நேராக மேலே இழுத்து எடுக்க முடியாது. மூடி போய் வெறும் 50 மில்லிமீட்டர் குழாய் வாய் மட்டும் தெரிகிறது என்றால் இதே கணக்கில் 14 கிலோதான் வரும். அது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு குழந்தையின் கை முழங்கைவரை உள்ளே போய், சதை வீங்கி, பம்பை நிறுத்திய பிறகும் வெளியே வராமல் போவது அந்தச் சிறிய வாயில்தான். குழந்தை ஆசனவாய் பொருந்த அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் குடலே வெளியே இழுக்கப்படும். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது.

1993-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், குழந்தைகளுக்கான ஆழமற்ற குளம் ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமிக்கு இந்தக் கொடுமை நேர்ந்தது. அந்தக் குளத்தில் மூடி இருந்தது. அது திருகப்படாமல் இருந்ததால் தன் இடத்தைவிட்டு நீங்கிவிட்டிருந்தது. 2002 ஜூனில் விர்ஜீனியாவில் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஒரு ஹாட் டப்பின் அடியில் சக்‌ஷனில் ஒட்டிக்கொண்டாள். அவள் நன்றாக நீந்தத் தெரிந்தவள். தாய் இழுத்துப் பார்த்து முடியாமல் போனது. பிறகு இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்தபோது மூடியே உடைந்துதான் அவள் விடுபட்டாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவள் அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. தாயின் விடாத முயற்சியால் 2007 டிசம்பரில் அவள் பெயரிலேயே குளங்களுக்கும் ஸ்பாக்களுக்குமான பாதுகாப்புச் சட்டம் அங்கே நிறைவேறி, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் நல்ல மூடிகளின் மேல் ‘விஜிபி’ (விர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற அவளது முழுப்பெயரின் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து அச்சாகியிருப்பது அந்தச் சட்டத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். அமெரிக்கச் சட்டம் மண்டபத்து விடுதியைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் உடலுக்கும் நீருக்கும் இடையே நடப்பது எந்தக் கரையிலும் ஒன்றே என்பதால், அந்தச் சட்டத்தின் பின்னுள்ள சோதனைகளையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் விடுதியில் நடந்தது உடல் ஒட்டிக்கொண்ட நிகழ்வு அன்று. முடி சிக்கிய நிகழ்வு. இரண்டின் காரணமும் வேறு, தீர்வும் வேறு. முடி சிக்குவதற்கு வெற்றிடம் தேவையில்லை. நீரின் வேகம் போதும். விரிந்து மிதக்கும் நீளமான முடியை ஓட்டம் மூடியின் துளைகள் வழியே உள்ளே கொண்டுபோகிறது. மூடிக்குப் பின்னால் நீர் சுழல்கிறது. அந்தச் சுழலில் முடி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுகிறது. துளை வழியே நேராகப் போன முடி, முடிச்சாகத் திரும்பி வராது. அதனால்தான் பம்ப் நின்ற பிறகும் முடி விடாத சம்பவங்கள் நடக்கின்றன. உங்கள் விருந்தினருக்குப் பம்ப் நின்றதும் விடுபட்டது, நுனி மட்டும் போயிருந்ததால். தலை நீருக்குள் இருந்திருந்தாலோ, இன்னும் ஒரு சாண் முடி உள்ளே போயிருந்தாலோ, நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் கேள்வி வேறாக இருந்திருக்கும்.

இப்போது வலையை எடுத்துக்கொள்வோம். கம்பி வலையின் கண்கள் சிறியவை. கண்களுக்கு இடையே கம்பி இடத்தை அடைத்துக்கொள்கிறது. நீர் போகும் மொத்தத் திறப்பு குறைந்தால், அதே அளவு நீர் கூடிய வேகத்தில் போக வேண்டும். முடியை உள்ளே இழுப்பது வேகம்தான் என்று மேலே சொன்னேன். அதோடு, பின்னிய கம்பி வலையில் முடி கண்ணுக்குக் கண் மாறிமாறிப் புகுந்து வரும். வழவழப்பான துளையைவிட அது பிடித்துக்கொள்ள ஏற்ற இடம். வலை தட்டையாக இருப்பதால் ஒரு முதுகோ தொடையோ அதை முழுவதும் அடைத்துவிடும். உடல் ஒட்டும் ஆபத்து அப்படியே நிற்கிறது. வெட்டிய ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகள் தோலைக் கிழிக்கும். முறையான மூடிகள் குவிந்த வடிவில் இருப்பதற்கும், துளைகள் மேலே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் சுற்றிவர இருப்பதற்கும் காரணம் உண்டு: ஓர் உடல் மேலே படிந்தாலும் பக்கங்களில் நீர் போய்க்கொண்டிருக்கும். சோதனைக்கூடத்தில் இந்த மூடிகளை நீருக்குள் பொருத்தி, உண்மையான முடிக்கற்றையை ஓட்டத்தில் விட்டு, அதை மீட்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அளந்துதான், இந்த மூடி நிமிடத்துக்கு இத்தனை கேலன் வரை தாங்கும் என்று குறிக்கிறார்கள். கடையில் வெட்டி வாங்கிய வலைக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது.

நம் ஊர் வழக்கத்துக்கே உரிய ஒன்றையும் சேர்க்க வேண்டும். அந்தச் சோதனைகள் முடியையும் உடலையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. இங்கே ராமேஸ்வரம் வரும் குடும்பங்கள் சுடிதாரோடும் புடவையோடும் தண்ணீரில் இறங்குகின்றன. மெல்லிய துப்பட்டாவின் ஒரு முனை உடைந்த மூடிக்குள் போனால், மறுமுனை கழுத்தைச் சுற்றியிருக்கும். சிறு பிள்ளைகளின் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கிறது. கழுத்தில் சங்கிலி, காலில் கொலுசு. நல்ல மூடி இருந்தாலும் துப்பட்டாவோடும் தளர்ந்த புடவையோடும் யாரையும் ஹாட் டப்பில் விடக் கூடாது என்பது என் கருத்து. முடியைக் கொண்டையிட்டு ரப்பர் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விருந்தினர்கள் முகம் சுளிக்கலாம். உங்கள் பணியாளர்கள் அதைக் கனிவாகச் சொல்லப் பழகிக்கொள்ள முடியும்.

அடுத்து, மூடியைவிடப் பெரிய குறை உங்கள் தொட்டியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஒரு பம்புக்கு ஒரே சக்‌ஷன். புத்தம் புதிய, சரியான மூடியைப் போட்டாலும், அந்த மூடி என்றைக்காவது உடைந்தால் மீண்டும் பம்பின் முழு இழுப்பும் ஒரே இடத்தில்தான். ஒரு பம்புக்குக் குறைந்தது இரண்டு சக்‌ஷன் வாய்கள் இருந்து, இரண்டும் உள்ளே டீ (T வடிவ இணைப்பு) வைத்து ஒன்றாக இணைந்திருந்தால், ஒன்றை ஓர் உடல் அடைத்தாலும் நீர் மற்றொன்றின் வழியே வரும். அடைத்த இடத்தில் பெரும் வெற்றிடம் உண்டாகாது. இரண்டுக்கும் நடுவிலிருந்து நடுவுக்குக் குறைந்தது 3 அடி இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று தரையிலும் ஒன்று சுவரிலுமாக வேறு வேறு தளங்களில் இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் சேர்த்து அடைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். உங்கள் தொட்டியின் அளவுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. இதில் நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. இரண்டு சக்‌ஷன் குழாய்களிலும் தனித்தனியே, மூடித் திறக்கும் பால் வால்வு வைத்துவிடுவார்கள். பிறகு ஏதோ ஒரு நாள் யாரோ ஒன்றை மூடுவார். தொட்டி மீண்டும் ஒற்றைச் சக்‌ஷன் தொட்டியாகிவிடும், மேலே இரண்டு மூடிகள் இருப்பதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். டீக்கும் வாய்களுக்கும் இடையே வால்வே இருக்கக் கூடாது.

குழாயின் அளவும் இதோடு சேர்ந்தது. உங்கள் ஜெட் பம்ப் 2 எச்பி என்கிறீர்கள். எச்பியை வைத்து நீரின் அளவைச் சொல்ல முடியாது. பம்பின் தயாரிப்பாளர் தரும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தடை குறைவான அமைப்பில் நிமிடத்துக்கு 400 லிட்டர் ஓடுகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் நீரின் வேகம் நொடிக்கு 3.4 மீட்டர். சக்‌ஷன் குழாயில், ஒரு வாய் அடைபட்ட நிலையிலும், நொடிக்கு 6 அடியை, அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டரை, தாண்டக் கூடாது என்பது இத்துறையில் பின்பற்றப்படும் அளவு. அதே நீருக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய் போட்டால்தான் அந்த வரம்புக்குள் வரும். பழைய குழாயை மாற்ற முடியாது என்றால் சிறிய பம்பாக மாற்றிக்கொள்வது நல்லது. ஜெட்டின் வேகம் சற்றுக் குறையும். அதில் இழப்பு ஒன்றும் இல்லை. பம்ப் எரிந்துபோனால், பெரியதே இருக்கட்டும் என்று அடுத்த எச்பியில் வாங்கி மாட்டும் பழக்கம்தான் மூடியின் கணக்கையும் குழாயின் கணக்கையும் ஒரே நாளில் பொய்யாக்குகிறது.

உங்கள் தொட்டி முதல் மாடியில் இருப்பதால், பலரும் எண்ணிப் பார்க்காத இன்னோர் ஆபத்தும் உண்டு. தொட்டியைக் காலி செய்யும் வால்வு தரைத்தளத்தில் இருக்கும். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் அந்த வால்வுக்கும் 3.5 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால், பம்ப் ஓடாமலே, குழாயில் நிற்கும் நீரின் எடையே சதுர சென்டிமீட்டருக்கு 0.35 கிலோ அளவுக்கு இழுக்கும். முன்பு சொன்ன 20 சென்டிமீட்டர் வாயில் அது 110 கிலோ. காலையில் பையன் கீழே வால்வைத் திறந்துவிட்டுப் போவதும், வடிந்துகொண்டிருக்கும் நீரில் விருந்தினர் பிள்ளைகள் குதித்து விளையாடுவதும் நான் கண்ணால் பார்த்திருக்கும் காட்சி. பம்ப் ஓடவில்லையே என்று பெற்றோரும் அருகில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வால்வின் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி வடியும் நேரம் முழுவதும் மேலே ஒரு பணியாளர் நிற்க வேண்டும்.

மூடி ஏன் உடைந்தது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். உங்கள் படத்தில் திருகுத் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. அது வெயிலாலும் குளோரினாலும் சூட்டாலும் பிளாஸ்டிக் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்ததன் அடையாளம். இத்தகைய மூடியை நீரை வடித்த பின் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல் வெள்ளைத் தூள் விரலில் ஒட்டும். ஓரத்தை லேசாக அழுத்தினால் வளைந்து கொடுக்காமல் ‘டிக்’ என்று ஒலிக்கும். ஒரு திருகு புதிதாகப் பளபளக்கிறது, மற்றது துருவேறிப் பழுப்பாக இருக்கிறது; ஆகவே ஏற்கெனவே ஒன்றைக் கழற்றி, கடையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். பாம்பன் கடல் காற்றில் இரும்பு எப்படிப் போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 304 வகை ஸ்டீல்கூட உப்பும் குளோரினும் சேர்ந்த வெந்நீரில் விரைவில் கறை பிடிக்கும், 316 தாங்கும். மூடியோடு வரும் திருகுகளையே பயன்படுத்த வேண்டும், எண்ணிக்கை குறையாமல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூற்றும் மணல் திருகுப் புரிகளில் புகுந்துகொள்ளும். அதைக் கழுவாமல் இறுக்கினால் திருகு பாதியில் நின்றுவிடும், மேலே பார்க்க முழுவதும் இறங்கியதுபோலத் தெரியும். கேபிள் டை போட்டுக் கட்டிய மூடிகளையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மூடியே இல்லாமல் தொட்டியைப் பூட்டி வைப்பது மேல்.

புதிய மூடி வாங்கும்போது அதன் முகத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். நிமிடத்துக்கு எத்தனை கேலன் (ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்), தரைக்கா சுவருக்கா, தனியாகப் பயன்படுத்தலாமா இரண்டாக மட்டுமா, எத்தனை ஆண்டு ஆயுள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். சுவரில் பொருத்தினால் தாங்கும் அளவு தரையில் பொருத்தும் அளவிலிருந்து வேறாக இருக்கலாம். ஒரு சக்‌ஷன் அடைபட்டாலும் மற்றது முழு ஓட்டத்தையும் தாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு மூடியின் எண்ணும் தனித்தனியே பம்பின் உச்ச ஓட்டத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது. 2011 மே மாதத்தில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏறத்தாழ 10 லட்சம் மூடிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் குறித்திருந்த ஓட்ட அளவுகள் தவறாக இருந்தன. அச்சிட்ட எண்ணின் விளிம்புவரை போக வேண்டாம், தாராளமாக இடம் விடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயுள் முடிந்த மூடி பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டும். பொருத்திய தேதியைப் பம்ப் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

வெற்றிடம் கூடினால் பம்பைத் தானே நிறுத்தும் கருவி ஒன்று இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது உடல் ஒட்டிக்கொள்ளும்போது உதவும்; முடி சிக்கும்போது உதவாது, ஏனென்றால் முடி சிக்கும்போது குழாயில் வெற்றிடம் பெரிதாகக் கூடுவதே இல்லை. சக்‌ஷன் குழாயில் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் பம்ப் நின்ற பிறகும் வெற்றிடம் தேங்கி நிற்கலாம். சக்‌ஷன் குழாயிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல்வரை திறந்த காற்றுக்குழாய் ஒன்றை எழுப்புவது மலிவான வழி. வாய் அடைபட்டால் அதன் வழியே காற்று புகுந்து பம்ப் இழுப்பை இழக்கும். இங்கே அதன் வாயில் குளவி கூடு கட்டுவதையும் மணல் இறங்குவதையும் பார்த்திருப்பதால், மாதம் ஒருமுறை பார்க்க ஆள் இருந்தால் மட்டும் அதைச் சொல்வேன். இவை எல்லாம் இரண்டாம் கட்டக் காவல். இரண்டு சக்‌ஷனும் நல்ல மூடியும் இல்லாத இடத்தில் இவற்றைப் போட்டுத் திருப்தி அடைய முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: மேல்மட்ட நீரை இழுத்து மிதக்கும் குப்பையை எடுக்கும் ஸ்கிம்மர் இருந்தால் அதன் அடியில் தொட்டிச் சுவரில் ஒரு சிறு துளை இருக்கலாம், சுத்தம் செய்யும் ஹோஸ் மாட்டும் வேக்கூம் பாயிண்டும் இருக்கலாம். இரண்டும் சக்‌ஷன் வாய்களே. முதலாவதை அடைத்துவிடலாம், இரண்டாவதற்குத் தானே மூடிக்கொள்ளும் பூட்டுமூடி வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது, பணியாளர் பம்பை நிறுத்தக் கீழ்த்தளத்துக்கு ஓடினார் என்ற வரி. நிறுத்தும் சுவிட்ச் தொட்டி கண்ணில் படும் இடத்தில், நீரில் இருப்பவர் கைக்கு எட்டாதபடி குறைந்தது 5 அடி தள்ளி, சிவப்பு நிறத்தில், தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி இருக்க வேண்டும். வட இந்திய யாத்ரீகர் ஒருவர் தனியாக இருந்தாலும் அவருக்குப் புரிய வேண்டும். ஜெட், ஃபில்டர், காற்றுக் குமிழி ஊதும் புளோயர் மூன்றும் அந்த ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தாலும், டைமர் நேரம் வந்தாலும், ஆள் வந்து விடுவிக்காமல் மீண்டும் ஓடக் கூடாது. அதன் பக்கத்தில் மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல் ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

யாராவது சிக்கிக்கொண்டால் முதலில் சுவிட்ச், பிறகுதான் இழுப்பது. ஒருவர் சுவிட்சுக்குப் போகும்போது மற்றவர் சிக்கியவரின் முகத்தை நீருக்கு மேலே தாங்க வேண்டும். உடல் ஒட்டியிருந்தால் நேராக இழுப்பதைவிட, விளிம்பில் விரல்களை நுழைத்துக் காற்றோ நீரோ புகும்படி ஒரு பக்கமாக உரிப்பது எளிது. முடி என்றால் யோசிக்காமல் வெட்டிவிட வேண்டும். மூச்சு இல்லாவிட்டால், நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவதோடு வாய்வழி மூச்சும் கட்டாயம் கொடுக்க வேண்டும். 108-ஐ உடனே அழைக்க வேண்டும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மூச்சு நின்ற மூளைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதால், அந்த நிமிடங்களில் உங்கள் பணியாளர்களே மருத்துவர்கள். வெந்நீரில் நெடுநேரம் இருப்பவருக்கும் மது அருந்தியவருக்கும் எதிர்வினை மந்தப்படும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். நீரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்.

பம்பை நிறுத்தி வைத்துவிட்டு வெறும் வெந்நீர்த் தொட்டியாக விருந்தினர்களை விடலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். மெயினைக் கழற்றிப் பூட்டி, வடிகால் வால்வையும் பூட்டினால் சக்‌ஷன் ஆபத்து இருக்காது என்பது உண்மை. ஆனால் வடிகட்டாத வெந்நீரில் குளோரின் விரைவில் தீர்ந்து கிருமி பெருகும்; ஒவ்வொரு குழுவுக்கும் நீர் மாற்ற வேண்டும். அதைவிட, ஜெட் ஓடவில்லையே என்று விருந்தினர் கேட்டதும் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் பூட்டைத் திறந்துவிடுவான் என்ற பயம் எனக்கு உண்டு. இதில் சிலர் என்னோடு மாறுபடலாம். நானாக இருந்தால் தொட்டியை வடித்து, பலகை போட்டு மூடி, முன்பதிவு செய்தவர்களுக்கு இன்றே தகவல் சொல்லிவிடுவேன்.

வேலையைத் தொடங்கும் முன் நீரை வடித்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பெட்டியின் உள்விட்டம், ஆழம், திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரம், அடியில் இணையும் குழாயின் வெளிவிட்டம் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். பம்பின் பெயர்ப்பலகையைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். மூடியும் அதற்குக் கீழுள்ள பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தச் சோதிக்கப்படுபவை என்பதால், பெட்டி ஆழம் குறைந்ததாக இருந்தால் பெட்டியோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். டைல்ஸை உடைத்துத்தான் இரண்டாவது சக்‌ஷன் வைக்க வேண்டும் என்றால், அதையும் இதையும் ஒரே தடவையில் முடித்து ஒருமுறை வாட்டர்ப்ரூஃபிங் செய்துகொள்ளலாம். அளவுகள் கிடைத்ததும் எந்த மூடி, எந்த அளவுக் குழாய் என்பதைக் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.